வீட்டில் செய்யும் சால்டர் புகை உறிஞ்சிக்கு எந்த வடிகட்டி பொருந்தும்?

சால்டரிங் (மின்னணுப் பாகங்களை உருகிய உலோகத்தால் பற்றவைத்தல்) மேசைக்கான புகை உறிஞ்சியை வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் விசிறியையும் பெட்டியையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வடிகட்டி என்று வரும்போது கைக்குக் கிடைத்த கறுப்பு ஃபோம் துண்டு ஒன்றை வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கருவி மூச்சைக் காக்கிறதா, அல்லது புகையை முகத்திலிருந்து விலக்கி அதே அறைக்குள் வேறு பக்கமாகத் தள்ளிவிடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்த வடிகட்டிதான். எளிதில் கிடைக்கக்கூடிய வடிகட்டிகளை, அதாவது கரி ஏற்றிய ஃபோம், கார் கேபின் ஃபில்டர், வாக்குவம் கிளீனர் ஃபில்டர், அறைக் காற்றுச் சுத்திகரிப்பானின் ஹெப்பா (மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் நாரிழை வடிகட்டி), சுவாச முகமூடியின் கேட்ரிட்ஜ், கரிமணிகள் நிரப்பிய உருளை ஆகியவற்றை ஒரே பெட்டியில் மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்த அனுபவத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரப்பளவு பெரிதாக உள்ள மடிப்பு ஹெப்பா ஒன்று, அதற்குப் பின்னால் தடிமனான கரி அடுக்கு ஒன்று, இரண்டின் வழியாகவும் காற்றை இழுக்கத் திராணியுள்ள ப்ளோயர் ஒன்று ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது புகை உறிஞ்சி. இவற்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் தம் வேலையைச் சரிவரச் செய்ய முடியாது.

வடிகட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதை வடிகட்டப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். சால்டரிங் புகை என்றதும் ஈயம் ஆவியாகி மூச்சில் கலக்கிறது என்றே பலரும் அஞ்சுகிறார்கள். ஈயத்தின் உருகுநிலை 327 டிகிரி செல்சியஸ், கொதிநிலை ஏறக்குறைய 1,750 டிகிரி. அயர்னின் முனை வழக்கமாக 300 முதல் 400 டிகிரிக்குள் வேலை செய்வதால், அங்கே ஆவியாகும் ஈயம் மிக மிகச் சொற்பம். ஈயம் உடலுக்குள் போவது பெரும்பாலும் கையிலிருந்து வாய்வழியாகத்தான்; அதற்கு மருந்து சோப்பும் தண்ணீரும்தான், வடிகட்டி அன்று. கண்ணுக்குத் தெரியும் அந்த வெண்புகை, சால்டர் நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸிலிருந்து வருகிறது. பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கப்படும் ரோசின் சூட்டில் ஆவியாகி, காற்றில் பட்டதும் குளிர்ந்து, ஒட்டும் தன்மையுள்ள நுண்துளிகளாக உறைகிறது; அவற்றின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே. கூடவே ஃபார்மால்டிஹைடு முதலான வாயுக்களும் வெளிப்படுகின்றன. ரோசின் புகை தொழில்வழி ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணம். ஒருவருக்கு ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால், அதன்பின் மிகக் குறைந்த புகைகூட மூச்சிரைப்பைத் தூண்டலாம். பிரிட்டனின் பணியிட விதிகள் ரோசின் ஃப்ளக்ஸ் புகைக்கு வைத்திருக்கும் 8 மணி நேரச் சராசரி வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. ஈயமில்லாத சால்டருக்கு மாறிவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கலவைகளில் வழக்கமானவை 217 டிகிரியிலோ அதற்கு மேலோ உருகுகின்றன என்பதால் அயர்னின் சூட்டைக் கூட்டுகிறோம். புகையும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஆகவே நம் முன்னால் இருப்பவை இரண்டு வேறு சரக்குகள்: துளிகளும் வாயுக்களும். துளிகளைப் பிடிக்க நாரிழை வடிகட்டி வேண்டும். வாயுக்களைப் பிடிக்கக் கரி வேண்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. வீட்டுக் கருவிகளில் நான் காணும் குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றை மறந்ததால் வருபவை.

கரி ஏற்றிய ஃபோமை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் அது இரண்டு வேலையிலும் தோற்கிறது. ஃபோமின் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை; ஒரு மைக்ரானுக்கும் குறைவான துளிகளுக்கு அவை திறந்த வாசல். அறை விளக்கை அணைத்துவிட்டு, விசிறியின் பின்பக்கம் டார்ச் ஒளியைக் குறுக்காகப் பாய்ச்சி, முன்பக்கம் ஃப்ளக்ஸ் தடவிய கம்பி ஒன்றைச் சூடாக்கிப் பாருங்கள். ஃபோமுக்குள் நுழைந்த நீல வெண்மையான இழை பின்னால் கொஞ்சம் கலைந்து, அகன்று, அப்படியே வெளியே வருவதை அந்த ஒளிக்கற்றையில் காணலாம். வாயு விஷயத்திலும் நிலைமை இதுதான். 130 மில்லிமீட்டர் சதுரமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஃபோம் வழியே மணிக்கு 100 கன மீட்டர் காற்று போனால், காற்று அதற்குள் தங்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 160-இல் ஒரு பங்குதான். அதில் ஏறியிருக்கும் கரியும் சில கிராம்கள் அளவே. புதிதாக இருக்கும்போது வாடை சற்றுக் குறைவதால் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது. அந்த நம்பிக்கைதான் இதில் எனக்கு மிகவும் கவலை தருவது. முகத்துக்கு நேரே எழும் புகையைத் திசை திருப்ப இது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஃபோமே தேவையில்லை, விசிறி மட்டும் போதும்.

கருவியின் குழாயை ஜன்னல் வழியே வெளியே விட முடிந்தவர்கள், அண்டை வீட்டு ஜன்னலுக்கு நேராக இல்லாதபடி பார்த்துக்கொண்டு, அப்படியே செய்துவிடலாம். வடிகட்டிச் செலவும் இல்லை, அதை மாற்றும் வேலையும் இல்லை. காற்று திரும்ப அறைக்கே வரவேண்டிய நிலையில் உள்ளவர்களுக்கே மேற்கொண்டு சொல்வது பொருந்தும்.

ஹெப்பா என்ற சொல்லைப் பெட்டியின் மேல் அச்சடிப்பது எளிது. ஐரோப்பாவின் ஈ.என். 1822 தரத்தின்படி எச்13 வகை வடிகட்டி, தனக்குப் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகள்களிலேயே 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். எச்14 என்றால் 99.995 விழுக்காடு. ஈ11, ஈ12 என்பவை அதற்குக் கீழ்ப்படிகள், முறையே 95, 99.5 விழுக்காடு. அந்தக் கடினமான அளவு பொதுவாக 0.1 முதல் 0.3 மைக்ரான் வரை அமைகிறது. அதைவிடப் பெரிய துகள்கள் தம் எடையால் வளைந்து போக முடியாமல் நாரிழையில் மோதியோ, அதை உரசியோ சிக்குகின்றன; அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகளால் அங்குமிங்கும் தள்ளாடி நாரிழையில் போய் ஒட்டுகின்றன; நடுவில் உள்ளவைதான் இரண்டிலும் தப்பப் பார்க்கின்றன. ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் துளையுள்ள சல்லடை, அதைவிடச் சிறியதெல்லாம் அதில் நழுவிவிடும் என்று சொல்வது இதனால்தான் தவறு. ரோசின் துளிகளில் ஒரு பகுதி அந்தக் கடினமான அளவின் அருகிலேயே விழுவதால், இந்தப் பணிக்கு எச்13 தேவைதான். எச்14-க்கு ஏறுவதில் எனக்கு ஆர்வமில்லை. அது காற்றுக்குத் தரும் கூடுதல் தடை, வீட்டில் கட்டும் பெட்டியில் கிடைக்கும் ஆதாயத்தைவிடப் பெரிது.

தரத்தைவிட முக்கியமாக நான் பார்ப்பது மடிப்புகளின் மொத்தப் பரப்பு. ஒரு தாளின் வழியாகக் காற்று மெதுவாகப் போனால் தடை குறைவு, வேகமாகப் போனால் அதே விகிதத்தில் அதிகம். பரப்பை இரு மடங்காக்கினால் அழுத்த இழப்பு, அதாவது தடையைத் தாண்டச் செலவாகும் காற்றழுத்தம், பாதியாகிறது. புகை ஒட்டி அடைபடுவதற்கும் நெடுநாள் ஆகிறது. ஹெப்பா வடிகட்டிகளின் விவரத்தாள்களைப் பார்த்தால், முழுக் காற்றோட்டத்தில் தொடக்க அழுத்த இழப்பு 100 முதல் 250 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரை இருப்பது சாதாரணம். கணினிப் பெட்டியில் வரும் 120 மில்லிமீட்டர் விசிறி, காற்றே ஓடாத நிலையில்கூடத் தரக்கூடிய அழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 பாஸ்கல்தான். விசிறியின் மேல் எழுதியிருக்கும் காற்றோட்ட அளவு எதிர்ப்பே இல்லாத திறந்த வெளிக்கு உரியது. ஹெப்பாவின் முன் வைத்ததும் அது சுருங்கிச் சிலவேளை மூச்சுவிடும் அளவுக்கு வந்துவிடுகிறது. வடிகட்டி புகையை நன்றாகவே பிடிக்கும், ஆனால் அதனிடம் புகை வந்து சேராது. எனவே மையவிலக்கு வகை ப்ளோயரை எடுங்கள். சில நூறு பாஸ்கலைத் தாங்கக்கூடியவை இந்த வேலைக்கு ஏற்ற அளவில் கிடைக்கின்றன. சத்தம் கூடும் என்பது உண்மை. வடிகட்டியைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் ஓட்டினால் அதுவும் அடங்கிவிடும்.

வாங்கிய ஹெப்பா உங்கள் ப்ளோயருக்கு ஏற்றதா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒளிபுகும் மெல்லிய குழாயை யூ வடிவில் வளைத்துப் பாதியளவு நீர் நிரப்பி, ஒரு முனையை வடிகட்டிக்கும் ப்ளோயருக்கும் இடையே ஒரு சிறு துளையில் செருகிவிட்டால், இரு நீர்மட்டங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 9.8 பாஸ்கல் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். புதிய வடிகட்டியில் வரும் அளவைப் பெட்டியின் மேலேயே குறித்து வையுங்கள். பின்னால் அது பயன்படும்.

ஹெப்பாக்களிலும் இரண்டு குலம் உண்டு. கண்ணாடி நாரிழையால் ஆனவை இயந்திர முறையில் மட்டும் பிடிப்பவை. பாலிப்ரொப்பிலீன் நாரிழையால் ஆன பல வடிகட்டிகள் தயாரிப்பின்போதே மின்னூட்டம் ஏற்றப்பட்டவை; நாரிழைகளுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருந்தாலும் அந்த மின்னூட்டம் துகள்களை இழுத்துக்கொள்வதால் காற்றுத் தடை குறைவாக இருக்கிறது. அறைச் சுத்திகரிப்பான்களுக்கு இவை அருமையானவை. ரோசின் புகைக்கு வரும்போது ஒரு சிக்கல் உண்டு: எண்ணெய்த் தன்மையுள்ள துளிகள் நாரிழையின் மேல் படரும்போது மின்னூட்டம் மறைக்கப்பட்டு, பிடிக்கும் திறன் படிப்படியாக இறங்கும். மேசையில் எப்போதும் இருக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இன்னும் மோசம். ஐ.எஸ்.ஓ. 16890 சோதனை முறையில் வடிகட்டியின் மின்னூட்டத்தை வேண்டுமென்றே நீக்குவதற்கு இதே ஆல்கஹாலின் ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மின்சுற்றுப் போர்டைக் கழுவும் வேலையைப் புகை உறிஞ்சியின் வாயருகே வைத்துக்கொள்ளாதீர்கள். பழுப்பேறிய மடிப்புகளை ஆல்கஹாலால் துடைத்துப் புதுப்பிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். கண்ணாடி நாரிழை கிடைத்தால் அதையே எடுப்பேன். கிடைக்காதபோது சுத்திகரிப்பானின் உருளை வடிவ ஹெப்பாவை எடுத்து, முன்கூட்டியே மாற்றிவிடுவேன்.

அந்த உருளை வடிவம் பெட்டி கட்டுபவருக்கு ஒரு வரம். மடிப்புகள் சுற்றிலும் இருப்பதால் சிறிய இடத்தில் பெரிய பரப்பு கிடைக்கிறது, வெளியிலிருந்து உள்ளே காற்று நுழைந்து ஒரு முனையின் வழியே வெளியேறுகிறது, அந்த ஒரு முனையில் மட்டும் காஸ்கெட்டை (காற்றடைப்புப் பட்டையை) இறுக்கினால் போதும். வாக்குவம் கிளீனருக்கான ஹெப்பாக்கள் இதற்கு நேர்மாறு. பரப்பு சிறியது, ஆயிரக்கணக்கான பாஸ்கல் இழுக்கும் மோட்டாரை நம்பிச் செய்யப்பட்டவை. முகமூடிக் கேட்ரிட்ஜ்கள் தரத்தில் குறையில்லாதவை. ஒரு மனிதனின் மூச்சுக்கென்று அளவிடப்பட்டதால், பெட்டியில் வைத்தால் காற்று போதாது. கார் கேபின் ஃபில்டரில் சாதாரண வகை மகரந்தத்துக்கும் சாலைத் தூசிக்கும் ஆனது; கரி சேர்த்த வகை சற்று மேல், அவ்வளவே. அறைகளின் காற்றமைப்புக்கு வரும் மெர்வ் 13 பலகங்களைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அந்தத் தரம் 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் குறைந்தது 50 விழுக்காட்டைப் பிடித்தால் போதும் என்கிறது. அறைக் காற்று அதே வடிகட்டி வழியே பலமுறை சுற்றிவரும் இடத்தில் அது நல்ல தேர்வு. ஒருமுறை உள்ளே போன புகை மறுபக்கம் நம் முதுகுக்குப் பின்னால் வெளிவரும் கருவியில் பாதிக்குப் பாதி என்பது எனக்குப் போதவில்லை. ஹெப்பாவின் ஆயுளைக் கூட்ட, அதற்கு முன்னால் மலிவான முன்வடிகட்டித் துணி ஒன்றை வைக்கத்தான் வேண்டும். ஒட்டும் பிசினில் பெரும் பங்கை அது தாங்கிக்கொள்ளும்; சில நாள் வேலையிலேயே அதன் முகத்தில் வெளிர் தேன் நிறத்தில் ஒரு வட்டம் படர்வதையும், விரல் வைத்தால் பிசுபிசுப்பதையும் காணலாம்.

கரியின் பக்கம் வருவோம். ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமின் உட்பரப்பு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை இருக்கும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படும் வகையில் மிக நுண்ணிய துளைகள் அதிகம் என்பதால் சிறிய வாயு மூலக்கூறுகளுக்கு அது ஏற்றது. ஆனால் துளைக்குள் போய் ஒட்டுவதற்கு மூலக்கூறுக்கு நேரம் வேண்டும். 200 மில்லிமீட்டர் சதுரத் தட்டில் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கரிமணிகளை நிரப்பினால் ஏறக்குறைய 2 லிட்டர், எடையில் சுமார் ஒரு கிலோ. முன்சொன்ன அதே காற்றோட்டத்தில் காற்று அதற்குள் தங்கும் நேரம் ஃபோமில் கிடைத்ததைப் போல 11, 12 மடங்கு. 75 மில்லிமீட்டருக்கு உயர்த்தினால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிடலாம், அதுவே என் குறைந்தபட்சம். பொடியாக உடைத்த கரியைவிட 3 அல்லது 4 மில்லிமீட்டர் மணிகள் காற்றுக்கு வழிவிடுகின்றன. தட்டைப் படுக்கை நிலையில் வைத்து, காற்று மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ போகும்படி செய்யுங்கள். செங்குத்தாக நிறுத்தி வைத்தால் மணிகள் அமர்ந்து மேல் விளிம்பில் ஒரு வெற்றிடம் உண்டாகி, காற்று முழுவதும் அதன் வழியே ஓடிவிடும். செடி வளர்ப்புக் கூடாரங்களுக்கு விற்கப்படும் கரி உருளைகள் இந்தத் தொல்லை தெரிந்து நெருக்கமாக நிரப்பப்பட்டவை. இடம் இருப்பவர்களுக்கு நான் அதையே சொல்வேன். எதுவானாலும் முதல்முறை இயக்குவதை வெளியில் வைத்துச் செய்து, கரித்தூள் போகும்வரை ஓடவிட்டுப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

கரிக்கும் ஓர் எல்லை உண்டு. ஃபார்மால்டிஹைடு மிகச் சிறிய, எளிதில் ஆவியாகும் மூலக்கூறு என்பதால் வெறும் கரியில் அது சரியாகத் தங்குவதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய அலுமினா மணிகள் அதை வேதிவினையால் மாற்றிப் பிடிக்கின்றன. ஊதா நிறமான இந்த மணிகள் தீரத்தீரப் பழுப்பாவதால், எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் அவையே காட்டிவிடும். நாள் முழுவதும் சால்டர் செய்பவர் கரியோடு இவற்றையும் சேர்த்து நிரப்புவது நல்லது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீராவியும் கரியின் துளைகளில் இடம்பிடிப்பதால், வேலை முடிந்ததும் பெட்டியின் வாயை மூடிவைப்பது கரியின் ஆயுளைக் காக்கும்.

வரிசை முன்வடிகட்டி, ஹெப்பா, கரி, கடைசியில் ப்ளோயர். கரியை முன்னால் வைத்தால் பிசின் அதன் துளைகளை மூடிவிடும். ப்ளோயரை முன்னால் வைத்தால் பிசின் அதன் இறக்கைகளில் படியும்.

காற்றடைப்புக்குத் தனியாக ஒரு பத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. 200 மில்லிமீட்டர் சதுர ஹெப்பா ஒன்றைச் சுற்றி ஒரே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டால், அந்த இடைவெளியின் மொத்தப் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர். வடிகட்டியின் இருபுறமும் 50 பாஸ்கல் வேறுபாடு இருக்கும்போது அந்த வழியே மணிக்கு ஏறக்குறைய 16 கன மீட்டர் காற்று வடிகட்டப்படாமலே தப்பிவிடும். மொத்த ஓட்டம் 100 கன மீட்டர் என்றால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு புகை எதிலும் படாமல் வெளியேறுகிறது, 99.95 விழுக்காட்டு வடிகட்டி 84 விழுக்காட்டு வடிகட்டியாக இறங்குகிறது. மூடிய துளைகளுள்ள மென்மையான ரப்பர் ஃபோம் பட்டையை விளிம்பு முழுவதும் ஒட்டி, மூலைகளில் துண்டுகள் சேரும் இடத்தை ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நெருக்கி, நான்கு பக்கமும் சம அழுத்தத்தில் திருகாணியால் இறுக்குங்கள். முன்சொன்ன டார்ச் சோதனையை இங்கேயும் செய்யலாம். லேசர் வகைத் துகள் உணரி வைத்திருப்பவர்கள், பி.எம்.எஸ். 5003 போன்றதை, வெளியேறும் காற்றில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் எண்ணாகத் தெரிந்துவிடும். என் பெட்டியில் ஃபோம் மட்டும் இருந்தபோது முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டிய உணரி, காஸ்கெட்டோடு ஹெப்பா வந்தபின் அறையின் சாதாரண அளவைவிடவும் கீழே இறங்கியது. வடிகட்டி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கேட்கமாட்டேன்.

இத்தனையும் செய்துவிட்டு உறிஞ்சும் வாயைத் தூரத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். திறந்த வாயின் இழுவை, தூரம் கூடக்கூட மளமளவென்று விழும். 75 மில்லிமீட்டர் குழாயில் மணிக்கு 100 கன மீட்டர் ஓடினால், வாயிலிருந்து 5 சென்டிமீட்டரில் காற்றின் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டருக்கு மேல். 7 சென்டிமீட்டரில் 0.5, 15 சென்டிமீட்டரில் ஏறக்குறைய 0.12 மட்டுமே. சால்டர் புகையை நம்பிக்கையோடு இழுக்க விநாடிக்கு அரை மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உறிஞ்சும் வாய், வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருந்தால் போதும் என்பதெல்லாம் சரிப்படாது. மூன்று நான்கு விரற்கடைத் தூரம்தான் கணக்கு. வளைந்து நிற்கும் குழாயும் அதன் நுனியில் ஒரு சிறு விளிம்பும் வைத்துக்கொண்டால், பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, நல்ல பெரிய வடிகட்டியை எந்த இடநெருக்கடியும் இல்லாமல் பொருத்தலாம்.

மாற்ற வேண்டிய நேரத்தை மூக்கை நம்பி முடிவு செய்யக்கூடாது. அதே வாடையில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கு விரைவில் பழகிப்போகும். முன்வடிகட்டியைக் கறை பின்பக்கம் வரை ஊறுவதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள். ஹெப்பாவுக்கு நீர்மட்டம்தான் அளவுகோல். தொடக்கத்தில் குறித்த அளவைப்போல இரு மடங்கை நெருங்கினால் அதை மாற்றிவிடுவேன். மின்னூட்ட வகை ஹெப்பா அடைபடாமலேயே திறன் இழக்கக்கூடியது என்பதால், அதற்கு நீர்மட்டத்தோடு துகள் உணரியின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கரிக்கு, வெளியிலிருந்து அறைக்குள் புதிதாக வரும் ஒருவரைக் கேளுங்கள். வெளியேறும் காற்றில் பிசின் வாடை இருக்கிறது என்று அவர் சொன்னால் கரி நிறைந்துவிட்டது. தண்ணீரில் அலசுவது, தட்டி உதறுவது, வெயிலில் காயவைப்பது எதுவும் இவற்றை மீட்காது. உதறினால் பிடித்துவைத்த பிசின் தூசி நம் முகத்துக்கே திரும்பும். கையுறை அணிந்து, பழைய வடிகட்டியை எடுத்த கையோடு பையில் போட்டுக் கட்டிவிட்டு, காஸ்கெட் பட்டையில் பிசின் ஒட்டியிருந்தால் அதையும் புதிதாக ஒட்டிய பிறகே அடுத்ததைப் பொருத்துங்கள்.